அம்மாவுக்கு ஆறு வாரம்

"எங்கம்மாவுக்கு ஆறு வாரம் லீவு வேணுங்க பெரியப்பா" என்றேன்.

பெரியப்பா ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பக்கத்து இலையில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வடையைக் கடித்த வாயோடு என்னைப் பார்த்தார். என் அண்ணன் பிரபாகர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அம்மா அடுப்படி வாசலில் அப்பளத் தட்டோடு நின்று, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சொந்தக்காரர்களிடம் ஆள் கேட்கக் கூடாது. இது அம்மா போட்ட சட்டம். சர்க்கரை கேட்கலாம், ஏணி கேட்கலாம், ஒரு மணி நேரத்துக்கு வண்டி கேட்கலாம். ஆள் கேட்கக் கூடாது. "ஆள் கேட்டா நம்மால முடியலைன்னு ஆயிரும். முடியலைன்னு ஆயிட்டா அப்புறம் பேச்சு அவங்க கைக்குப் போயிரும்" என்பாள். ஆறு வருடமாக அந்தச் சட்டத்தை அவள் மீறியதில்லை. என்னையும் மீற விட்டதில்லை.

"லீவுன்னா?" என்றார் பெரியப்பா. "உங்கம்மா எங்கயாச்சும் வேலைக்குப் போறாளா என்ன?"

"வேலைக்குப் போனாத்தான் லீவுங்களா?"

"அம்மிணி, சாப்பிடற எடத்துல என்ன பேச்சு?" என்றார் அத்தை.

"எல்லாரும் ஒண்ணா உக்காரறது இங்க மட்டுந்தானுங்கத்தே. அதான்."

உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே அப்பாவின் கட்டில் தெரிந்தது. கூடத்தின் மூலையில் சன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறோம். அப்பா பெயர் காளியண்ணன். குமாரபாளையத்தில் அவரும் பெரியப்பா மருதாசலமும் சேர்ந்து எட்டு விசைத்தறி ஓட்டினார்கள். பட்டறை வீட்டுக்குப் பின்புறத்திலேயே இருக்கிறது. கணக்கும் ஆளும் பெரியப்பா பார்ப்பார். தறி நின்றால் அப்பா பார்ப்பார். ஆறு வருடத்துக்கு முன்னால், மூன்றாம் நம்பர் தறிக்கு அடியில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் எழவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால் போனது. பேச்சில் மூன்று சொல் மிஞ்சியது. ஒன்று 'சௌ', அதாவது அம்மா சௌந்திரம். இரண்டாவது 'வேண்டா'. மூன்றாவது ஒரு கெட்ட வார்த்தை.

அப்பா எழுபத்திரண்டு கிலோ. அம்மா நாற்பத்தாறு கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உட்கார வைத்து ஊட்ட வேண்டும், துடைக்க வேண்டும், மலம் எடுக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் அப்பா 'வேண்டா' என்பார். அண்ணன் ஒருமுறை ஊட்டப் போனபோது இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். அன்றோடு அண்ணன் தப்பித்துக்கொண்டான். நானும் ஒன்றும் யோக்கியமில்லை. அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கி, சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. தறிக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பட்டறையைச் சாத்திவிடுவார்கள். மாதம் பூராவும் இரையும் ஊர் அன்றைக்கு மட்டும் அமைதியாகக் கிடக்கும். அந்த லீவு நாளில்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்க்க வருவார்கள். ஒரு மாதம் தவறியதில்லை. "காளியண்ணனை நாங்க உட்டுக்குடுக்கலை, மாசாமாசம் போய்ப் பார்க்கறோம்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வார்கள். உண்மையாகவே அதை உதவி என்று நம்புகிறார்கள். வருகிற ஒறம்பரைக்கு வடை, பாயசத்தோடு சமைக்க அம்மா நாலு மணிக்கே எழுந்துகொள்வாள். தறிக்குக் கிடைத்த லீவில் அம்மாவுக்கு வேலை இரண்டு மடங்கு.

அன்று கார்த்திகை அமாவாசை. பெரியப்பா வீட்டு ஆட்கள் ஆறு பேர் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு பவானி கூடுதுறைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். ஆள் கேட்க இந்த நாளை நான்தான் பார்த்து வைத்தேன்.

"ஆறு வாரம் எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"அம்மாவுக்கு ஆப்பரேசன் இருக்குதுங்க. இன்னிக்கு சாயங்காலம் சேலம் பெரியாஸ்பத்திரியில சேரணும். நாளன்னிக்குப் பண்றாங்க. ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

அத்தை அம்மா பக்கம் திரும்பினார். "என்ன ஆப்பரேசன் சௌந்திரம்?"

அம்மா அப்பளத் தட்டைப் பார்த்தாள்.

"அது அம்மாவோட விசயமுங்கத்தே" என்றேன்.

"எங்ககிட்டச் சொல்ல முடியாத சீக்கு என்ன சீக்கு? நல்லா நின்னு வடை சுட்டுட்டுத்தான இருக்கறா?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். மூன்று வாரத்துக்கு முன்னால், அம்மா எப்போதும் ஒருச்சாய்ந்தே உட்காருவதைக் கவனித்து, அடம்பிடித்துக் கேட்டு, அழ வைத்து, சேலத்துக்குக் கூட்டிப் போனவள் நான். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "என்ன சீக்குன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது. என்ற தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணு." பண்ணினேன். ஆள் கேட்க மாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணவில்லை.

"சரி, ஆப்பரேசன்னா பண்ணித்தான் ஆவணும்" என்றார் பெரியப்பா. நல்ல மனிதர்தான். அவர் நல்லவராக இருப்பதில் யாருக்கும் பிரயோசனமில்லை, அவ்வளவுதான். "அதான் நீ இருக்கறியே கண்ணு. ஆபீசுல சொல்லிட்டு ஆறு வாரம் உங்கப்பன் பக்கத்துல இரு. பெத்த புள்ள பாக்காம வேற யாரு பாப்பா?"

"அண்ணனும் பெத்த புள்ளதானுங்க."

பிரபாகர் இப்போதுதான் தலையைத் தூக்கினான். "எனக்கு அதெல்லாம் வராது யாழினி. ஒனக்கே தெரியும். அப்பா என்னைக் கிட்டயே உடமாட்டாரு."

"பாவுல ஒரு இழை அறுந்தா நாலு தறி தள்ளி நின்னே கண்டுபுடிக்கற. அப்பா முதுகு செவந்தா மட்டும் கண்ணு தெரியாதா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"பொம்பளைங்க கை மாதிரி வருமா?" என்று அவன் அத்தையைப் பார்த்தான், துணைக்கு.

அத்தை துணைக்கு வந்தார். "தை பொறக்கட்டும். பிரபாகருக்கு ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வெச்சரலாம். வர்றவ பாத்துக்குவா. அது வரைக்கும் சௌந்திரம் ஆப்பரேசனைத் தள்ளிப் போட்டுக்கட்டும்."

"பத்திரிகையில என்னன்னு போடறதுங்கத்தே? மணமகள்னா, நைட் டூட்டின்னா?"

பிரபாகருக்குப் புரையேறியது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. பெரியப்பா, "படிச்சதெல்லாம் வாயாப் போச்சு" என்றார் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

என் வேலையே இதுதான். நாமக்கல்லில், படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு குழுவில் இருக்கிறேன். கட்டிலில் கிடப்பவரை நர்ஸ் பார்ப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரை நான் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்துப் பேச வேண்டும். ஒரு வருடத்தில் நாற்பது வீடு உட்கார வைத்திருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். 'யாராச்சும் ஒத்தாசை பண்ணுங்க' என்று கேட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்பது இரண்டாவது. வியாழக்கிழமை காலையில் ஆறு மணிக்கு யார் என்று கேட்டால்தான் யாராவது ஒருத்தர் தொண்டையைச் செருமுவார். நாற்பது வீட்டில் கேட்டதை என் வீட்டில் கேட்க ஒரு வருடம் பிடித்தது. வெட்கக்கேடு.

அன்றைக்கு முதல் பாடத்தையே கோட்டை விட்டேன்.

அத்தை கை கழுவிவிட்டு நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனார். "ஏஞ்சாமி, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே அவரை ஒருக்களித்து, பனியனைத் தூக்கிப் பார்த்தார். இடது இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"இங்க பாரு அண்ணா. இங்க பாரு. பொண்டாட்டி உசுரோட இருக்கறப்பவே என்ற தம்பிக்கு முதுகுல புண்ணு. இதுல ஆறு வாரம் லீவாம்."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "நேத்து ராத்திரி ஒரு தடவை அசந்து தூங்கிட்டனுங்க நங்கை" என்றாள் நாத்தனாரிடம். "இனிமே பாத்துக்கறனுங்க."

மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆறு வருசத்துல ஒரே ஒரு புண்ணு. அதுவும் இன்னும் தோல் கூட உரியலை. எங்க நர்ஸ் வந்து பாத்தா அம்மாவுக்கு மாலை போடுவாங்க. எழுபத்து மூணு அமாவாசை வந்து வடை தின்னீங்களே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பாவைப் புரட்டிப் போட்டிருக்கறீங்களா? வடை நல்லாருக்குதுன்னு சொன்னீங்க. அதோட சரி."

"யாழினி" என்றாள் அம்மா.

பெரியப்பா பாயசம் ஊற்றிய இலையை அப்படியே மடித்தார். எழுந்து கை கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "சோத்துல கை வெச்ச மனுசனைத் தின்னதைச் சொல்லிக் காட்டற ஊட்டுல இனி எனக்கு என்ன வேலை? வா பூவாத்தா, போலாம்."

பூவாத்தாள் அத்தையும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அம்மா என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "இதுக்குத்தான் கேக்காதன்னு சொன்னேன்" என்றாள்.

பெரியப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் போய்விடுவார். போனால் அம்மா வர மாட்டாள். 'எல்லாரும் கோவிச்சுட்டுப் போனப்புறம் நா எப்படி வாரது' என்பாள். அட்மிஷன் சீட்டு என் பையில் இருந்தது. அந்தத் தேதி போனால் அடுத்த தேதிக்கு எத்தனை மாதம் ஆகுமோ.

நான் பின்வாசல் வழியாகப் பட்டறைக்கு ஓடினேன்.

பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்கும். எட்டு தறிக்கும் நம்பர், பகல் ஷிப்ட் யார், ராத்திரி ஷிப்ட் யார் என்று பெரியப்பா கைப்பட எழுதியிருப்பார். அதை அவர் தவிர யாரும் தொடக் கூடாது. ஆணியிலிருந்து கழற்றினேன். சாக்பீசையும் எடுத்துக்கொண்டேன். கூடத்துக்குக் கொண்டுவந்து அப்பாவின் கட்டிலுக்கு எதிரே சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன்.

"பட்டறை போர்டை எதுக்கு எடுத்தாந்த?" என்றார் பெரியப்பா. ஒரு செருப்பை மாட்டியிருந்தார். இன்னொன்று கையில் இருந்தது.

எட்டாம் நம்பருக்குக் கீழே இருந்த இடத்தில் 'காளியண்ணன்' என்று எழுதினேன். பகல் என்ற கட்டத்தில் 'பிரபாகர்' என்று எழுதினேன். ராத்திரி என்ற கட்டத்திலும் 'பிரபாகர்' என்று எழுதினேன்.

"ஏய், நானா?" என்றான் அண்ணன்.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். "அறிவிருக்குதா ஒனக்கு? ஒரே ஆளை ரெண்டு ஷிப்டுக்கும் போடறது எந்த ஊரு நாயம்? நாலே நாள்ல தூங்கி உளுந்து கையைக் கொண்டுபோய்த் தறியில குடுத்துருவான். ரெண்டு ஷிப்டு ஓட்டுனவன் வெரல் போனது மறந்து போச்சா? என்ற பட்டறையில ஒருத்தன் பேரு ரெண்டு கட்டத்துலயும் வரவே கூடாதுன்னு அன்னிக்கே சொல்லி வெச்சிருக்கறேன்."

வெறும் பேச்சில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், வலது கையில் இரண்டு விரல் போன ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்கு ஓடியவர் பெரியப்பா. அன்றிலிருந்து, எத்தனை அவசர ஆர்டர் இருந்தாலும் இரட்டை ஷிப்ட் கிடையாது.

நான் உள்ளங்கையால் இரண்டு 'பிரபாகரை'யும் அழித்தேன். பகலில் 'சௌந்திரம்' என்று எழுதினேன். ராத்திரியில் 'சௌந்திரம்' என்று எழுதினேன்.

"ஆறு வருசமா இப்படித்தானுங்க பெரியப்பா ஓடிட்டிருக்குது."

பெரியப்பா போர்டைப் பார்த்தார். தறிச் சத்தம் இல்லாததால் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"நான் தறியில கையை உட்டுக்கலைங்க மாமா" என்றாள் அம்மா பெரியப்பாவிடம்.

அவள் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

"கர்ப்பப்பை எறங்கிருச்சு. உங்க தம்பியைத் தூக்கித் தூக்கி எறங்கிருச்சு. ரெண்டு வருசமாத் துணியை வெச்சுக் கட்டிட்டுத்தான் இவரைத் தூக்கறேன். வடையும் சுடறேன்."

பெரியப்பா தலை குனிந்துகொண்டார். பிரபாகர் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றான். பெண்களின் அடிவயிற்றைப் பற்றிய வார்த்தை அந்தக் கூடத்தில், ஆண்கள் இருக்கும்போது, முதல்முறையாகச் சொல்லப்படுகிறது. அதைச் சொன்னவள் அழவில்லை. அப்பளத் தட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு வருசமா?"

"ஆமாங்க நங்கை."

"உக்காரு. மொதல்ல உக்காரு நீ." அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்ற மாமியாளுக்கும் இதேதான். ஒருத்தருகிட்டயும் சொல்லலை. செத்தப்புறம் குளிப்பாட்டி எடுக்கறப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சது." பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "என்ன அங்கயே பாத்துட்டு நிக்கற? போர்டு உன்றதுதான? எழுது" என்றார்.

"என்னத்தை எழுதறது?"

"ஷிப்டு."

கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "சௌ." எல்லோரும் திரும்பினோம். அப்பா போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அவரைப் பற்றியே பேசியிருக்கிறோம், அவரிடம் பேசியதில்லை. நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அம்மாவுக்கு ஆப்பரேசன். ஆறு வாரம் அண்ணனும் பெரியப்பாவும் அத்தையும் பாத்துக்குவாங்க. செரிங்களா?"

"வேண்டா."

"அண்ணன் கழுவி உடறது உங்களுக்குச் சங்கடம். எனக்குத் தெரியுமுங்க."

"வேண்டா."

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்குப் பாத்தியதை இருக்குது. அம்மாவுக்கும் இருக்குது. அம்மா இன்னிக்குத்தான் மொதத் தடவையாச் சொல்றாங்க."

அவர் மூன்றாவது சொல்லைச் சொன்னார். அத்தை, "மருவாதியாப் பேசு" என்று அதட்டினார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சம்மதம் இல்லை. ஆனால் அவர் காதில் போட்டாயிற்று. சம்மதம் வரும் வரைக்கும் காத்திருந்தால் அம்மா இருக்க மாட்டாள்.

பெரியப்பா சாக்பீசை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு 'சௌந்திரத்தை'யும் துண்டால் துடைத்தார். துடைத்த இடம் வெள்ளையாகப் புகைபோலத் தெரிந்தது. பகலில் 'பிரபாகர்' என்று எழுதினார். ராத்திரிக் கட்டத்தில் கை நின்றது.

"மூணு வாரம் போதாதா கண்ணு?"

"கர்ப்பப்பைகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க."

"அட, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்." சாக்பீசை விரலில் உருட்டினார். "இவன் ஓட்டற நாலு தறியை யாரு ஓட்டறது?"

"ரெண்டை நீங்க வேற ஆளுகிட்டக் குடுங்க. ரெண்டு நிக்கட்டும்."

"தறி நிக்கறதா?" அவர் என்னவோ சொல்ல வந்து, அம்மா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார், ஒருச்சாய்ந்து, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி. "மூணாம் நம்பரும் நாலாம் நம்பரும் நிக்கட்டும்" என்றார்.

"ராத்திரி?" என்றார் அத்தை. "எழுது அண்ணா. உன்ற பேரு உனக்கே மறந்து போச்சா?"

"எனக்கு முட்டி வலி."

"ராத்திரியில புரட்டறதுக்கு முட்டி எதுக்கு? கையிலதான புரட்டறது. ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நானு. என்ற ஊட்டுல நா இல்லாட்டி ஒண்ணும் குடி முழுவிப் போயிராது."

அவர் 'மருதாசலம்' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'பூவாத்தாள்' என்று எழுதினார். எழுதியதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "அமாவாசைக்கு யாரு?" என்று அவராகவே கேட்டார்.

"நான் வாரனுங்க" என்றேன். "ஒறம்பரை யாரும் வர வேண்டியதில்லைங்க. வந்தா சோறு கட்டிட்டு வரட்டும்."

ஒரு விசயம் மட்டும் மிச்சம் இருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு நான் இருப்பேன். அதற்கு மட்டும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் அம்மா இந்த வீட்டுக்கு வர மாட்டாள், நாமக்கல்லில் என் வாடகை அறைக்கு வருவாள் என்றேன். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊடு இருக்கறப்ப வாடகை ரூமுலயா? ஊருல என்ன பேசுவாங்க?"

"இங்க வந்தா 'சௌ'ன்னு ஒரு சத்தம் போதுமுங்க. தையலோட எந்திரிச்சு ஓடுவாங்க. ஊருல பேசறவங்க பேரையும் போர்டுல எழுதிருங்க, ஆளுக்கு ஒரு ஷிப்டு பாக்கட்டும்."

எங்கள் குழுவின் நர்ஸ் ஜெயப்பிரியா வாரம் இரண்டு நாள் வந்து புண்ணைப் பார்ப்பார் என்றும், சந்தேகம் வந்தால் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்றும் சொல்லி, நம்பரைப் போர்டின் மூலையில் எழுதினேன்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரைத் தறிக்குத் தறி கூட்டிப் போய்க் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தப் பாவு நூல் இளசு, அடிக்கடி அறும். இதில் நூல் ஓட்டும் நாடா இழுக்கிறது. அம்மா பட்டறைக்குள் வேலை பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருடம் அதன் பக்கத்து அடுப்படியில் இருந்தவள். பிரபாகரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இந்தப் பக்கத்து இடுப்புல செவந்திருக்குது. அந்தப் பக்கம் படுக்க வெக்காத. தோளையும் இடுப்பையும் ஒண்ணாப் புடிச்சுத் திருப்பணும், தோளை மட்டும் இழுத்தா வலிக்கும், திட்டுவாரு. திட்டுனா வலிக்குதுன்னு அர்த்தம். தண்ணி ஸ்பூன்லதான். தலைமாட்டை ஒசத்தி, தாடையை முன்னால சாச்சு, முழுங்கினப்புறந்தான் அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க உடாத. வேட்டி ஈரமானா அவரு சொல்ல மாட்டாரு. மூஞ்சியச் சுளிப்பாரு. நீதான் பாக்கணும்."

"ம்."

"ம்முன்னா? திருப்பிச் சொல்லு."

பிரபாகர் சொன்னான். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னான். அத்தை திருத்தினார். அவருக்கும் ஒரு இடம் தப்பு. அம்மா மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். பெரியப்பா ஒரு ஓரமாக நின்று, உதடு அசையாமல் மனப்பாடம் பண்ணுவது எனக்குத் தெரிந்தது.

சங்ககிரி வழியாகப் போகும் சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவின் பையை நான் எடுத்துக்கொண்டேன். அதில் இரண்டு நைட்டி, ஒரு துண்டு, ஒரு டம்ளர், அட்மிஷன் சீட்டு. அம்மா கட்டிலருகே போய், அப்பாவின் போர்வையைச் சரிசெய்ய நீட்டிய கையை, பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"வாரேனுங்க" என்றாள் அவரிடம்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது பிரபாகர், "அப்பா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்பது காதில் விழுந்தது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் சத்தம் கேட்டது. அப்புறம் "வேண்டா." அப்புறம் ஸ்பூன் தரையில் விழுந்து உருண்டு போகும் சத்தம்.

அம்மா நின்றுவிட்டாள். ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் வாசலில். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று தோன்றியது. என்னால் அந்தப் பஸ்ஸுக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்விட முடியும். ஆனால் ஆறு வாரம் இழுத்துப் பிடித்து வைக்க முடியாது.

உள்ளே, "பரவால்லீங்கப்பா, வேற ஸ்பூன் எடுத்தாரேன்" என்றான் பிரபாகர். அடுப்படியில் எதையோ உருட்டினான். "ஸ்பூனெல்லாம் எங்க வெச்சிருக்கறீங்கம்மா?" என்று சத்தம் போட்டான்.

அம்மா வாயைத் திறந்தாள். பதில் அவளிடம் இருந்தது. அலமாரியின் மூன்றாவது தட்டில், டம்ளருக்குப் பின்னால்.

"தேடி எடுப்பான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.